ஒரே போனில் இரண்டு வேண்டுதல்

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, என் வேலை போக இருந்தது. அதே நேரத்தில் எங்கள் மாடும் போக இருந்தது. மாரியம்மன் இரண்டையும் காப்பாற்றினாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் வீடு. அங்கிருந்தே செய்யும்படி ஒரு வேலை சோதனை முறையில் கிடைத்தது. நான் எழுதிய இணையதளத்தை அன்று மதியம் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை.

என் போதாத காலம், கோப்புகளைத் தனித்தனி ஃபோல்டரில் அழகாக அடுக்கினேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் ஒன்றில். அவற்றைச் சேர்த்துக் கட்டும் பில்ட் கருவிக்கான அமைப்புக் கோப்பு இன்னொன்றில். அவ்வளவுதான். ‘நிரலைக் காணோம்’ என்று சிவப்பு எழுத்தில் கத்த ஆரம்பித்தது கருவி. கண்ணெதிரே இருக்கிற கோப்பைக் காணோம் என்கிறது! நிரலுக்கு வழி காட்டும் வரியில் புள்ளியைக் கூட்டினேன், குறைத்தேன். அழுதேன். லேப்டாப்புக்குத் திருநீறு பூசினேன்.

அப்போது மாமியார் ஓடி வந்தார்.

“கண்ணு, மாடு கன்னு போட முடியாமத் தவிக்குது. கன்னுக்குட்டி ஒத்தக் கால் மட்டும் வெளிய வந்து மாட்டிட்டு நிக்குது. மாட்டு டாக்டரம்மாவுக்கு வழி சொன்னியா?”

“அப்பவே சொல்லிட்டனுங்க அத்தை. இன்னுங் காணோமுங்க.”

வீட்டுக்காரர் தேங்காய் லோடோடு பொள்ளாச்சி போயிருந்தார். எங்களுக்கு வேறு யார்? இருவரும் சாமி படத்தின் முன்னால் நின்றோம்.

“தாயே, மாட்டக் காப்பாத்து” என்றார் அத்தை.

“தாயே, ஃபைலைக் காட்டு” என்றேன் நான்.

அத்தை திரும்பி முறைத்தார். “இருக்கற அவசரத்துல நீ வேற குறுக்க வராத கண்ணு!”

உடனே போன் அடித்தது. டாக்டரம்மாதான். மலையாளம் கலந்த தமிழில் படபடத்தார். “நீங்க சொன்ன மாதிரி பாலம் கடந்து இடது பக்கம் வந்தேன். இவிடெ ஒரு கள்ளு ஷாப்புதான் உண்டு!”

“எங்கிருந்துங்க வர்றீங்க?”

“வேலந்தாவளம்.”

“ஐயோ, நாஞ் சொன்னது கொழிஞ்சாம்பாறையில இருந்து வர்றவங்களுக்குங்க! நீங்க எதுக்க வர்றீங்க. பாலத்துக்கு முன்னாடியே வலது பக்கம் திரும்பியிருக்கோணுங்க!”

சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமைப்புக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து பார்த்து நிரலுக்கு வழி எழுதியிருக்கிறேன். கட்டளையையோ வெளி ஃபோல்டரிலிருந்து கொடுக்கிறேன். கருவி தான் நிற்கும் இடத்திலிருந்து தேடுகிறது. பாவம், அதுவும் கள்ளுக்கடை முன்னால்தான் நிற்கிறது!

எங்கிருந்து கட்டளை வந்தாலும் அமைப்புக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே வழியைக் கணக்கிடும்படி ஒரு வரியை மாற்றினேன். சிவப்பு மறைந்தது. ‘தாயே!’ என்று நான் அலறிய அலறலில் மாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அத்தை அழத் தொடங்கிவிட்டார்.

டாக்டரம்மா வந்து, கையை விட்டுக் கன்றைத் திருப்பி, இழுத்துப் போட்டார். கிடாரிக் கன்று. தாயும் நலம். மதியம் இணையதளமும் ஓடியது. எனக்கு வேலை நிரந்தரமானது.

“ஆத்தா வந்தது மாட்டுக்கு. உன்ற கம்ப்யூட்டரு சும்மா கூட ஒட்டிக்கிச்சு” என்கிறார் அத்தை. இருக்கட்டும். ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தாளே, அதற்கே வெள்ளிதோறும் மாவிளக்கு போடுகிறேன்.

இதையெல்லாம் போய் சாமியிடம் கேட்பதா என்று முன்பு கூச்சப்படுவேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள். எதுவானாலும் அவளிடம் சொல்லுங்கள். அவள் கேலி செய்ய மாட்டாள். பக்கத்தில் மாமியார் இல்லாதபோது சொல்வது நல்லது.