ஜன்னல் மாமாவின் குளியல் விதிகள்

என் அக்காவின் கணவருக்கு, அதாவது மாமாவுக்கு, ஊரில் 'ஜன்னல்' என்று பெயர். கேஸ் கீசர் பழுது பார்ப்பது அவர் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்துவிடுவார். பிறகுதான் பையை இறக்கி, "என்ன கோளாறு?" என்று கேட்பார். கீசர் இருக்கிற வீட்டில் திறந்தால் ஒரு நியாயம் இருக்கிறது. பல் டாக்டரிடம் போனாலும் திறப்பார். ஒருமுறை பஸ்ஸில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலைக்கு மேல் கையை நீட்டித் திறந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவரை யாரென்றே தெரியாதவன் போல அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவருக்கு போன் வந்துவிடும். கீசர் எரியவில்லை என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கீசரைப் பற்றவைக்கிற பாட்டரிகளைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருக்கிறார். இன்னொரு அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கூப்பிட்டார். சிலிண்டரைத் திறக்கவே இல்லை. மூன்றாவது மாடிக்காரர் ஒருவருக்குத் தண்ணீர் நூல் போல வந்தது. "தண்ணி வேகமா வந்தாத்தான் இது எரியும் சார், கீசர் மேல தப்பில்ல" என்று சொல்லி, ஷவரின் தலையைக் கழற்றி அடைப்பைத் தட்டி எடுத்துவிட்டு வந்தார். நானாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். மாமா சிரிக்க மாட்டார். கீசர் விஷயத்தில் மட்டும் அவருக்கு நகைச்சுவை உணர்வு சுத்தமாகக் கிடையாது.

செருப்புக் கடையில் எனக்கு வேலை கிடைத்து, அக்கா வீட்டில் தங்க வந்தபோது அது புரிந்தது. வாடகை வீடு. பீரோ அளவுக்கு ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கீசர். வெளிச்சுவரில் மாட்ட வேண்டிய சாமான் அது. "சுவத்துல இன்னொரு ஓட்டை போட்டீங்கன்னா வீட்டைக் காலி பண்ணிருங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் மாமா சட்டம் போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தார். மேல் ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் உடனே அணைத்துவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளை அவரே கழற்றி எறிந்துவிட்டு, 'ஆள் இருக்கு' என்று ஓர் அட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கடைசிச் சட்டம்தான் கொடுமை. குளிக்கிறவர் குளித்து முடிக்கும்வரை சத்தமாகப் பாட வேண்டும்.

"எதுக்கு மாமா பாடணும்?"

"உள்ள கேஸ் சரியா எரியலன்னா ஒரு விஷவாயு வரும் மாப்ள. வாசனை வராது, கண்ணுக்கும் தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், ஆள் போயிருவான். பாட்டு நின்னா நான் உள்ள வந்துருவேன், அவ்வளவுதான்."

எனக்குப் பாட்டு வராது. முதல் நாள் பாடியதற்கு எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது. அதனால் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். கல்யாண வயதில் இருக்கிற ஒருவன், உடம்பெல்லாம் சோப்போடு, "பன்னெண்டு ஒண்ணு பன்னெண்டு" என்று கத்திக்கொண்டிருந்தால் அக்கம்பக்கத்தில் என்ன மரியாதை இருக்கும்? மாடிப்படியில் எதிர்ப்படுகிற பெண் என்னிடம் "இன்னிக்குப் பதினேழு வரைக்கும் போயிட்டீங்க போல" என்றாள். மானம் போயிற்று.

மாமா மீது எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. காலையில் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, நடையில் பையைக் கொட்டி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவார். போன் அடித்தபடி இருக்கும், அசைய மாட்டார். இப்படி ஆடி அசைந்து கிளம்பினால் எந்தத் தொழில் உருப்படும் என்று அக்காவிடமே கேட்டிருக்கிறேன்.

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நாள் காலை அறையில் உட்கார்ந்து, பன்னிரண்டு முதல் பதினாறு வரை வாய்ப்பாட்டை போனில் பதிவு செய்தேன். குளிக்கும்போது அதை அலமாரியில் வைத்து ஓடவிட்டேன். முடிந்தால் தானே மறுபடி ஆரம்பிக்கும். நான் வாயை மூடிக்கொண்டு ராஜா மாதிரி குளித்தேன். குளிர்காலம் வேறு, மேல் ஜன்னலில் ஒரு பழைய துண்டையும் அடைத்தேன். அந்த வாரம் தீ கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது. சொன்னால் மாமா கீசரைக் கழற்றிப் போட்டுவிடுவார், பச்சைத் தண்ணீர்தான் கதி. அதனால் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் இன்றுவரை செய்ததில்லை.

அன்று அக்காவுக்கு இடுப்பு வலி, படுத்திருந்தாள். நான் வழக்கம்போல போனை ஓடவிட்டுக் குளித்தேன். வெந்நீர் இதமாக இருந்தது. தலை கொஞ்சம் வலித்தது, முழங்கால் துவண்டது. சும்மா இரண்டு நிமிஷம் உட்காரலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்தது அக்கா சொல்லித்தான் தெரியும்.

நடையில் மாமா ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே "பதினஞ்சு எட்டு நூத்தியிருவது" என்றது என் குரல். உடனே குக்கர் விசில் அடித்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று மாமா விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "பதினஞ்சு எட்டு நூத்தியிருவது", மறுபடி விசில்.

"குக்கர் வச்சியா?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

"நான் எந்திரிக்கவே இல்லயே" என்றாள் அக்கா.

"பாத்ரூமுக்குள்ள குக்கர் அடிக்குது" என்றபடி எழுந்து ஓடினாராம். நான் பதிவு செய்த நேரத்தில் அடுக்களையில் அக்காவின் குக்கர் விசில் அடித்திருக்கிறது, அதுவும் போனில் ஏறியிருக்கிறது. மற்ற நாட்களில் நிஜக் குக்கரின் சத்தத்தில் அது தெரியாமல் போயிருக்கிறது.

தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒரே தள்ளில் திறந்தது. கேஸை அணைத்து, என்னை அக்குளில் பிடித்து இழுத்து வந்து மொட்டை மாடியில் போட்டார். இடுப்பு வலியை மறந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் அக்கா. நான் கண் திறந்தபோது மேலே ஆகாயம், என் மீது ஒரு மேஜை விரிப்பு, படிக்கட்டில் பாதிக் குடியிருப்பு. வாய்ப்பாடு மட்டும் கீழே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மாமா கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து போய் வார்டு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"புகைக்குழாய்ல குருவி கூடு கட்டியிருக்கு மாப்ள. அதான் மஞ்சளா எரிஞ்சிருக்கு."

"தப்புதான் மாமா."

"அது மட்டுமா தப்பு? பதிமூணு ஏழு தொண்ணூத்திரண்டுங்குற. தொண்ணூத்தொண்ணு. நீ வாய்ப்பாடு ஆரம்பிச்ச நாள்லேருந்து தினம் கேட்டுட்டுத்தான் இருக்கேன். சொன்னா கூச்சப்படுவியேன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஸ்பேனர்கள் என்றைக்குமே அழுக்காக இருந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆக்ஸிஜன் குழாயோடு அழுவது ரொம்ப சிரமம்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வந்து, முகம் வெளுத்துப் போய், சுவரில் எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். கீசர் இப்போது பின்பக்கம் வெளிச்சுவரில் இருக்கிறது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை மாமாவே கிழித்துவிட்டார். யாரும் பாட வேண்டியதில்லை.

ஆனாலும் நடையில் ஸ்பேனர் சத்தம் கேட்கிறது. அதனால் நானும் வாய்ப்பாடு சொல்கிறேன், மாடிப்படிப் பெண்ணுக்குக் கேட்டால் கேட்கட்டும். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நான் துவட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவர் பையை மூடுவார்.