எமரால்டில் அடிக்காத போன்கள்

இன்று காலை எங்கள் எமரால்டு ஊர் டீக்கடையில், ஒன்றுமே நடக்காததற்காக எல்லோரும் கைதட்டினோம்.

"நாளை இலை வண்டி வராது" என்று போன வாரம் இங்குள்ள தேயிலை விவசாயிகள் அனைவருக்கும் எஸ்எம்எஸ் போனது. யாரும் இலை பறிக்கவில்லை. வண்டியோ வந்து, காலியாகத் திரும்பியது. அது வெறும் சோதனைச் செய்தி.

அதை அனுப்பிய செயலியை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியவர் உள்ளூர்ப் பெண் கவிதா. இன்னொரு முறை இப்படி நடந்தால் செயலியே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் இன்று அவர்கள் முன்னாலேயே, கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்து மறுபடி சோதித்தார்.

"இந்தத் தடவ என்ன கண்ணு மாத்துன?" என்றார் விவசாயி ராஜண்ணன்.

"புரோகிராம்ல அறிவிப்புக் குடுக்கற பகுதி, கிளாஸும்பாங்க, அது எஸ்எம்எஸ் அனுப்பற ஆள், அதாவது இன்னொரு பகுதியத் தானே உள்ளுக்குள்ள உருவாக்கிக்கிச்சுங்ணா. அதான் சோதனையிலயும் நெசமாவே போயிருச்சு. இப்ப அந்த ஆள வெளிய இருந்து நாமதான், கிளாஸ உருவாக்கறப்பவே, கன்ஸ்ட்ரக்டர்ங்கற வாசல் வழியாக் குடுக்கறோம். வேலைக்கு நெச ஆளு, சோதனைக்கு டம்மி. டிபென்டென்சி இன்ஜெக்ஷன்னு சொல்லுவாங்க."

"டம்மி யாருகிட்டயும் பேசாதுல்ல?"

"வாயே கெடையாதுங்ணா."

"அப்ப அதையே நம்ம சங்கத் தலைவராக்கிரலாம்!"

சிரிப்பு அடங்கியதும் கவிதா பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கையிலிருந்த போனையே பார்த்தோம். டீ ஆறியது.

"டம்மிக்கு வந்திருச்சுங்க!" என்று கவிதா துள்ளினார். எங்கள் போன் ஒன்றுகூட அடிக்கவில்லை. கடையே கைதட்டியது.

அப்போதுதான் ராஜண்ணன் மெதுவாகச் சொன்னார்: "என் போன்ல சிக்னலே இல்ல கண்ணு."

ஒரு காலத்தில் நிருபராக இருந்தவன் நான்; அந்தப் புத்தி போகவில்லை. சிக்னல் இருந்த போன்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். எதிலும் செய்தி இல்லை. இன்னொரு முறை கைதட்டினோம்.

ஒன்றும் நடக்காததற்காக நீங்கள் கடைசியாகக் கைதட்டியது எப்போது?