செத்ததாக நான் கையெழுத்துப் போட்ட நாய்

மூன்று மாதத்துக்கு முன்னால் செத்துப்போனதாக நான் கையெழுத்துப் போட்டிருந்த நாய், ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு எதிரே வந்து நின்று வாலை ஆட்டியது.

எண்பதுகளின் கடைசி. திருப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்தில் நான் டெவலப்மென்ட் ஆபீசர். பெயர்தான் பெரிசு. பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் ஃபயர் பாலிசி, லாரிக்கு மோட்டார் பாலிசி, குண்டடம், கணியூர்ப் பக்கம் போனால் மாட்டுக்குக் காதில் டேக் அடித்து ஒரு பாலிசி. இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு வரவேண்டும். நாய்க்கும் பாலிசி உண்டு என்பது அன்றைக்குப் பலருக்குத் தெரியாது. வருடத்துக்கு மூன்றோ நாலோ வரும். எல்லாம் எக்ஸ்போர்ட்டர் பங்களா நாய்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆபீசில் எனக்கு முன்கோபி என்று பெயர். ரிடையர் ஆனால் கோபம் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

1. பங்களாவும் குழியும்

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்ததிலேயே பெரிய பார்ட்டி ஓர் எக்ஸ்போர்ட்டர். பெயர் வேண்டாம். அவர் பங்களாவில் சீசர் என்று ஓர் அல்சேஷன் நாய். அதற்குப் பாலிசி போட்டவன் நான்தான். அடையாளக் குறிகளை என் கையாலேயே எழுதினேன்: வலது காது நுனி பிளந்திருக்கும், இடது பின்னங்காலில் ஆறாவது விரல், நாக்கில் ஒரு கறுப்பு மச்சம். மாட்டுக்கு டேக் மாதிரி நாய்க்கு இந்தக் குறிகள்தான் ஆதாரம்.

ஒருநாள் சீசர் பாம்பு கடித்துச் செத்துவிட்டது என்று கிளெய்ம் வந்தது. போனேன். பங்களாவுக்குப் பின்னால் வாழை ஓரம் ஒரு குழியைக் காட்டினார்கள். மண் புதிதாக இருந்தது. ஒரு டாக்டரின் சர்டிபிகேட் தயாராக இருந்தது. தோண்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் ரூல். எக்ஸ்போர்ட்டர் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாதாம்பால் கொடுத்தார். 'உடலை நேரில் பார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒரு டம்ளர் பாதாம்பால். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

2. துரை

அந்தத் திங்கட்கிழமை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தவர் பெயர் மரியபுஷ்பம். மூன்று மாதத்தில் இளைத்துப்போயிருந்த நாயை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நாற்பது வயது இருக்கும். பனியன் வேஸ்ட் குடோன் ஒன்றில் கட்டிங் துணியைக் கலர் கலராகப் பிரிக்கிற வேலை. குடோன் மூலையில் ஓர் அறை, அங்கேயே தங்கல், காவலும் அவர்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

நாய்க்கு இன்சூரன்ஸ் பண்ண வேண்டும் என்றார். பக்கத்து மேஜை கிளார்க் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்காக என்று கேட்டேன். பணம் வரும் என்று யாரோ ஆசைகாட்டி அனுப்பியிருப்பார்கள் என்று நினைப்பு எனக்கு.

அவர் உட்காராமலே சொன்னார்: "பணம் வேண்டாமுங்க. எங்க ஊருல டேக் போட்ட மாடு ஒண்ணு செத்துச்சுங்க. டாக்டர் வந்தாரு, உங்களாட்டம் ஒரு ஆபீசர் வந்தாரு, எப்படிச் செத்துச்சு, எப்பச் செத்துச்சுன்னு பொழுதன்னைக்கும் கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரர் சாயப்பட்டறையில செத்தாருங்க. எப்படிச் செத்தாருன்னு கேக்க ஒருத்தர் வரலீங்க. இந்த நாயி செத்தா ஆராச்சும் வந்து கேக்கோணும். அதுக்குத்தானுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. புரபோசல் ஃபார்மை எடுத்தேன். நாயின் பெயர்? துரை. போட்டதை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறதாம், அதனால் துரை. எங்கே வாங்கியது? வாங்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது, குண்டடம் தாண்டி ஒரு வேலமரத்தில் கட்டிப்போட்டிருந்ததைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து போயிருக்கிறார். கத்தக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டியிருந்ததாம். பின்னங்கால் நொண்டி.

"நல்ல துணிங்க," என்றார். "வேஸ்ட் இல்லீங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

துணியைத் தொட்டுப் பார்த்தால் ரகம் சொல்கிறவர்கள் அந்தக் குடோன் பெண்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. அடையாளக் குறிகள் என்ற இடத்துக்கு வந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். வலது காது நுனி பிளந்திருந்தது. இடது பின்னங்காலில் ஆறு விரல். வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மெதுவாக, "சீசர்," என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்து, வந்து என் கையை நக்கியது. நாக்கில் மச்சம்.

கால் நொண்டியாகிவிட்டது, துணி வாங்க வெளிநாட்டு பையர்கள் வந்து போகிற பங்களாவில் நொண்டி நாய் எதற்கு? ஆனால் செத்தால்தான் பாலிசிப் பணம் வரும். அதனால் பேப்பரில் கொன்றுவிட்டு, நாயை மரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். கொன்றதற்குச் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ரத்தம் தலைக்கு ஏறியது. யார் மேல் கோபம் என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை.

3. கேட் பாஸ்

கோபத்தில் நான் செய்த முட்டாள்தனம், நேரே மேனேஜர் அறைக்குப் போய்க் கத்தியது. மேனேஜர் சென்னைக்காரர், ரிடையர் ஆக இரண்டு வருடம் இருந்தது. ஃபைலைப் புரட்டினார். கிளெய்மைப் பாஸ் பண்ணிய கையெழுத்து அவருடையது.

"ரெக்கார்டுல செத்துப்போன நாய்க்கு எப்படிய்யா பாலிசி போடுவே?" என்றார். "அந்தம்மாவை அனுப்பிடு."

அனுப்பினேன், இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி. நான் அறையை விட்டு வெளியே வந்ததும் மேனேஜர் எக்ஸ்போர்ட்டருக்கு போன் போட்டிருக்கிறார். மறுநாள் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து எனக்கு போன் வந்தது. அந்த மனுஷர் கோபமே படவில்லை. கொங்கு மரியாதை ஒரு சொட்டுக் குறையாமல் பேசினார்.

"ஏனுங்க ஆபீசர், சௌக்கியமுங்களா? செத்த நாயி செத்ததாவே இருக்கட்டுமுங்க. எல்லாருக்கும் நல்லதுங்க."

அதற்குள் அவருடைய ஆட்கள் ஜீப்பில் குடோனுக்குப் போய்விட்டார்கள். எங்கள் நாய், காணாமல் போனது, கொடு என்று கேட்டிருக்கிறார்கள். கொண்டுபோனால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஃபைலில் இருப்பதை உண்மையாக்கிவிடுவார்கள். மரியபுஷ்பம் நாயைத் துணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்றிருக்கிறார். குடோன் ஓனர் காதர் பாய் கேட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட் பாஸ் இல்லாமல் தன் குடோனிலிருந்து ஒரு துண்டுத் துணிகூட வெளியே போகாது, நாய்க்கு மட்டும் என்ன புது வழக்கம் என்றிருக்கிறார். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

இதையெல்லாம் மரியபுஷ்பம் ஆபீசுக்கு வந்து என்னிடம் சொன்னார். அழவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நானு உங்ககிட்ட மட்டுந்தானுங்க நாயைக் காட்டினேன். அவிங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரியான கேள்வி.

4. இரண்டு பேப்பர்

அன்றைக்கே குடோனுக்குப் போய், அவரையும் நாயையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் நேர்மையானவர். பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஏழு வயது இருக்கும், உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கிறது என்று எழுதினார். ஸ்டுடியோக்காரரை வரவழைத்துக் காதையும் காலையும் போட்டோ எடுக்கவைத்தேன். நாக்கைக் காட்ட மட்டும் துரை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று ஃபிலிம் வீணானது.

பிறகு ஆபீசில் உட்கார்ந்து என் கையால் ஒரு கடிதம் எழுதினேன். சீசர் என்ற நாயின் உடலை நான் பார்க்கவே இல்லை, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது பொய், அந்த நாய் உயிரோடு இருக்கிறது. டிவிஷனல் ஆபீஸ் விலாசம் எழுதிய கவரில் அதைப் போட்டேன். ஒரு கையில் கவர், ஒரு கையில் துரையின் பாலிசி. மேனேஜர் முன்னால் இரண்டையும் வைத்தேன்.

"சார், இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா அதைத் தபால்ல போடறேன்."

"உன் வேலையும் போயிடும்யா," என்றார்.

"போகட்டும் சார்."

என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்திருக்கும். போட்டார்.

நேரே எக்ஸ்போர்ட்டரின் ஆபீசுக்குப் போனேன். அன்றைக்குப் பாதாம்பால் வரவில்லை. துரை என்ற நாய் எங்கள் ஆபீசில் இன்சூர் ஆகியிருக்கிறது, போட்டோ டிவிஷனல் ஆபீசுக்குப் போகிறது, அது செத்தாலோ காணாமல் போனாலோ எப்படி என்று நான்தான் வந்து விசாரிப்பேன், முதலில் உங்கள் வீட்டு வாழை ஓரத்தைத்தான் தோண்டுவேன் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சரிங்க என்றார். அவ்வளவுதான். ஜீப் அப்புறம் குடோன் பக்கம் வரவில்லை. அடுத்த வருடம் அவர் தன் ஃபயர் பாலிசிகளை எல்லாம் வேறு ஆபீசுக்கு மாற்றிக்கொண்டார்.

நான் ஜெயித்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். கவரைக் கடைசிவரை போஸ்ட் பண்ணவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாயின் உயிரைச் சொல்லி நானும் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கவர் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

5. பின்பக்கம்

ஒரு வருடத்துக்குப் பின் துரையின் பாலிசியை ரெனியூ பண்ண முடியவில்லை. வயது தாண்டிவிட்டது. மரியபுஷ்பம் பழைய பாலிசியையே பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். நானும் அது முடிந்துபோன பேப்பர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காதர் பாய் போன் செய்தார். துரை செத்துவிட்டது.

அன்றைக்கு எனக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. பாலிசி இல்லை, கிளெய்ம் இல்லை. ஆனாலும் ஒரு கிளெய்ம் ஃபார்மை எடுத்துக்கொண்டு போனேன். துணி மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். எப்போது சாப்பாட்டை நிறுத்தியது? எந்தப் பக்கமாகப் படுத்தது? கடைசியில் பக்கத்தில் யார் இருந்தது? அவர் ஒன்று விடாமல் சொன்னார். நானும் ஒன்று விடாமல் எழுதினேன். குடோனுக்குப் பின்னால் குழியைக் காட்டினார். மூடுவதற்கு முன்னால் நான் பார்க்கவேண்டும் என்று அவரே திறந்து வைத்திருந்தார். காது, கால் எல்லாம் பார்த்தேன். 'உடலை நேரில் பார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் ஃபார்மைத் திருப்பினேன். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். உங்கள் வீட்டுக்காரர் எப்படி இறந்தார்?

அவர் பெயர் அந்தோணி. சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிற வேலை. வால்வு ஒழுகுகிறது என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் வெடித்தது. பட்டறையின் பெயரைச் சொன்னார். என் பேனா நின்றது.

அந்தப் பட்டறைக்குப் பாலிசி போட்டவன் நான். கட்டிடத்துக்கு, பாய்லருக்கு, துணி ஸ்டாக்குக்கு. வேலையாட்களுக்கான பாலிசி மட்டும் வேண்டாம் என்று முதலாளி சொன்னார், சரிங்க என்று அந்த இடத்தில் கோடு போட்டேன். வெடித்த மறுநாள் பாய்லர் எப்படி வெடித்தது என்று விசாரிக்கப் போனவனும் நான்தான். பாய்லரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ஓர் ஆள் போய்விட்டான் என்று அங்கே யாரோ சொன்னார்கள். ஃபார்மில் அதற்கு இடம் இல்லை. நான் எழுதவில்லை.

இதை மரியபுஷ்பத்திடம் சொன்னேன். சொல்லாமல் வந்திருந்தால் பாதாம்பால் குடித்த அன்றைக்கு இருந்தவனேதான் நான். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த துணியை மடித்து மூட்டை மேல் வைத்தார்.

"அன்னைக்கு ஸ்கூட்டர்ல வந்தது நீங்கதானுங்களா?" என்றார். "நானு கேட்டுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தனுங்க. என்னைத் தாண்டித்தான் உள்ள போனீங்க."

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள். கேட்டில் யாராவது நின்றால் வண்டியை நிறுத்திக் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஃபார்மில் இடம் இருக்காது. பின்பக்கம் எழுதுங்கள்.