வேனை ஓட்டியது யார்?

நாடு விடுதலையாகி ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடத் தெருவே கூடியிருந்தது. மேடையில் தையல்காரம்மாவின் கணவர் மைக்கைப் பிடித்துவிட்டார். பிடித்தால் விடுவாரா? முதல் கொடியேற்றத்தைப் பார்க்க, இளவயதில் சிநேகிதர்களோடு ஓட்டை வேனில் தலைநகருக்குப் போன கதையை ஆரம்பித்தார்.

"ராத்திரி பகலா நானே ஓட்டினேன்!"

தெருவுக்கெல்லாம் கொடி தைத்துக் கை கடுத்துப்போயிருந்த தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் இதே புளுகு. அந்த வேனில் அந்தச் சிநேகிதர்களில் ஒருவனின் தங்கையாக அவளும் போனாள். ஓட்டியதே அவள்தான். இந்த மனுஷர் பின்சீட்டில் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்.

விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். "ஓட்டினது நான். இவர் வாளியும் கையுமா படுத்துக் கிடந்தாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் அசருவாரா? மைக்கை நோக்கிக் குனிந்து, "சரி, ஓட்டினது நீ. வழி சொன்னது யாரு?" என்றார்.

"நீங்கதான். அதனாலதான் நாம போய்ச் சேர்றதுக்குள்ள கொடியேத்தி முடிஞ்சு, கூட்டமே கலைஞ்சு போச்சு!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவரோ அது தனக்குத்தான் என்று நினைத்து நாலாபக்கமும் கும்பிடு போட்டார். இவரோடு இத்தனை வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினோமோ என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.