அர்ச்சனைத் தட்டில் என் நோய்

மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில்தான் ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தினேன், இறங்கக் கால் வரவில்லை. நான் மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அரசு மருத்துவமனை நர்ஸ். அதே வாரம் வார்டில் ஒரு முதியவர் இறந்தார். அவர் மகள் என் தோளில் சாய்ந்து கதறினாள். எனக்கோ, ‘அப்பாடா, ஒரு கட்டில் குறைந்தது’ என்றுதான் தோன்றியது. என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது.

டாக்டர், ‘பர்ன்அவுட்’ (ஓயாத வேலை அழுத்தத்தால் உடலும் மனமும் வறண்டுபோகும் நிலை) என்றார். விடுப்பு எழுதிக் கொடுத்து, மனநல ஆதரவுக்கு அனுப்பினார்.

எங்கள் மருத்துவமனையில் அதை முதலில் தருபவர்கள் பயிற்சி பெற்ற சக நர்ஸ்கள். எனக்குக் கிடைத்தவர் சரசு அக்கா. ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள்; இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டாத ரகசியம் எதுவும் இருந்ததில்லை என்பது அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

“என்கிட்ட சொல்லு லா,” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் செல்ல ‘லா’வைச் சேர்த்து. “இந்த ரூம விட்டு ஒரு வார்த்த வெளிய போவாது.”

கட்டில் விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குனோங் ராபாட் கோயிலுக்குச் சற்றுத் தாமதமாகப் போனேன். முன்னால் அக்கா அர்ச்சனைத் தட்டோடு நின்றார். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அக்கா என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அதோடு விட்டாரா?

“பாவம் சாமி, வேல பாத்துப் பாத்து அந்தப் புள்ளைக்கு மனசே மரத்துப்போச்சு. பேஷண்ட் செத்தா நிம்மதியா இருக்காம். நல்லா வேண்டிக்குங்க.”

கூட்டத்தில் என் மாமியார் இருந்தார். எங்கள் வார்டு நர்ஸ்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூவும் தேங்காயுமாக வந்து அறுத்தவர் இவர் ஒருவர்தான்.

வெளியே பிடித்துக் கேட்டேன். “உனக்காகத்தானே லா வேண்டுனேன்? சாமிகிட்ட மறைக்கலாமா?” என்றார்.

“சாமிகிட்ட சொன்னது சரிக்கா. ஊருக்கே கேக்குற மாதிரி எதுக்குச் சொன்னீங்க?”

விபூதியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது, சாகும் தறுவாயில் இருந்தவர்கள் பக்கம் என்னை யாரும் விடவில்லை. “நீ ரெஸ்ட் எடு லா,” என்று கனிவாகத்தான் சொன்னார்கள். அந்தக் கனிவு என்னைக் கொன்றது. நர்ஸ் வேலையில் எனக்குப் பிடித்ததே அந்தக் கட்டில்களின் அருகில் இருப்பதுதான். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் இம்முறை தாப்பாவில் இருந்த ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். சீனப் பெண், மலாயில் பேசினோம். அவருக்கு என் தோட்டமும் தெரியாது, என் கோயிலும் தெரியாது. ஆனாலும் சூடு கண்ட பூனையாக, முதல் சில சந்திப்புகளில் மழையைப் பற்றி மட்டுமே பேசினேன். அவர் காத்திருந்தார். பிறகு மெல்ல வாய் திறந்தேன். இதே நிலையில் இருப்பவர்களே, மனதில் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வராத ஒருவரிடம் சொல்லுங்கள்.

சில மாதங்கள் கழித்து, நானே கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டியின் கடைசி மணி நேரங்களில் அருகே இருந்தேன். மனம் மரத்துப்போன நாட்களில், மூச்சு நின்றதும் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவதே என் பழக்கமாகியிருந்தது. அன்று ஓடவில்லை. அவர் கை குளிரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். சரசு அக்கா வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் போய்ச் சொல்லட்டும் என்று, அவர் முன்னாலேயே அழுதேன்.