வாறன் என்றால் வரவேண்டுமா

மருமகள்தான் என்னைக் கைபேசியில் நடக்கிற வகுப்பில் சேர்த்துவிட்டவள். சேலைக் கரை வடிவமைப்பு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். படம் கீறச் சொன்னால் கை நிற்காது. என்னைப் போல அந்த வகுப்பில் ஒருவரும் கரை கீறவில்லை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் என்றாள் மருமகள். கீறியதைக் காட்டினால் கை தட்டுகிற படம் ஒன்று வந்து மறையும். தட்டினது யார்? தெரியாது. வகுப்பு முடிந்ததும் கட்டங்கள் பட்பட்டென்று அணையும். எங்கள் ஊரில் செத்த வீட்டிலிருந்துதான் சொல்லாமல் எழும்பிப் போவது.

நான் "அப்ப வாறன்" என்று சொல்லித்தான் அணைப்பேன். பதில் வராது. பிறகு எனக்கு இருப்புக் கொள்ளாது. முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் நடை.

"வாற கிழமையும் ஒருத்தரும் கதைக்கேல்லையெண்டால் நான் நிப்பாட்டிப்போடுவன்" என்றேன் மருமகளிடம்.

"மாமி, உங்களுக்கு வடிவமைப்போ வேணும், ஊர்க்கதை கதைக்கிற விடுப்போ வேணும்?"

"ரெண்டும்தான்."

அடுத்த கிழமை, வகுப்புத் தொடங்கமுன்னமே ஒரு கட்டம் வெளித்தது. கனடாவில் பிறந்த பிள்ளை, மூக்குக்கண்ணாடியோடு.

"அன்ரி, ஏன் நீங்கள் வாறேல்லை?"

"வாறனான்தானே பிள்ளை. போன கிழமை மாம்பிஞ்சுக் கரை காட்டினது ஆர்?"

"அதில்லை. முடியேக்கை வாறன் எண்டு சொல்லுவீங்கள். ரீச்சரும் போயிடுவா. நான் ஒவ்வொரு கிழமையும் இருந்து பாக்கிறனான்."

சிரித்தேன். சிரித்த வாய் மூடமுன் யோசனை பிடித்தது. ஒருவரும் இல்லையென்று நான் முற்றத்தில் உலாவிய நேரமெல்லாம், இந்தப் பிள்ளை என் கறுப்புக் கட்டம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பிள்ளை, வாறன் எண்டால் வெளிக்கிடுறன் எண்டு அர்த்தம்."

"அப்ப போறன் எண்டு சொல்லுங்கோவன்."

"ஐயோ, அந்தச் சொல்லை வாயிலை எடுக்காதை!"

அன்றும் வகுப்பு முடிந்து கட்டங்கள் அணைந்தன. அவள் மட்டும் இருந்தாள். வாறன் என்றால் இவள் காத்திருப்பாளோ என்று பயம். போறன் என்று சொல்ல நாக்கு எழும்பாது.

"நீ முதல் கட் பண்ணு பிள்ளை."

"இல்லை அன்ரி, நீங்கள்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மருமகள் கத்தினாள்: "மாமி, விடுப்பு முடிஞ்சுதோ?"

கைபேசியைச் செம்பில் சாத்தி வைத்தேன்.

"பிள்ளை, மாம்பிஞ்சுக்கு என்ன நிறம் போடுவம்? சொல்லு பாப்பம்."