கடைசிப் பந்தி

கிரகணம் நடந்த அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. வல்வெட்டித்துறையிலிருந்து யோகன். கடற்றொழிலாளி. பத்திரிகையில் நான் எழுதும் வானியல் பத்தியைக் கிழமைக்குக் கிழமை வாசித்துவிட்டு, அழைத்துக் கேள்வி கேட்கிற ஆள்.

“சேர், கண்ணுக்கு நடுவிலை ஒரு கறுப்புப் பொட்டு நிக்குது. மனிசியைப் பாத்தால் காது தெரியுது, மூக்கைக் காணேல்லை.”

“சூரியனைப் பாத்தனீங்களோ?”

“ஓம். எக்ஸ்ரே படத்தைப் பிடிச்சுக்கொண்டு தொடக்கத்திலையிருந்து பாத்தன். நோகேல்லை சேர். நொந்திருந்தால் அப்பவே விட்டிருப்பன்.”

“எக்ஸ்ரே படம் கூடாது எண்டு கடைசியிலை எழுதினனான் எல்லோ?”

“எங்கை எழுதினியள்? வெளியிலை வந்து பாருங்கோ எண்டதோடை முடிஞ்சுதே.”

ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆள் சொன்னது சரி. கிரகணத்துக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்காதீர்கள் என்று நான் எழுதியது எல்லாம் இருந்தது. எப்படிப் பார்ப்பது என்று எழுதிய கடைசிப் பந்தி இல்லை. வெறும் கண்ணால் பார்க்காதே, எக்ஸ்ரே படம் காப்பாற்றாது, அட்டையில் ஊசித்துளை போட்டு அதனூடாக நிலத்தில் விழும் ஒளியைப் பார் என்ற பந்தி. அந்த இடத்தில் ஒரு மரண அறிவித்தல் கிடந்தது.

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனேன். செய்தி ஆசிரியர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பந்தி எங்கே போனது என்று கேட்டேன்.

“மாஸ்டர், அது கனடாவிலையிருந்து பிந்தி வந்த அறிவித்தல். காசு கட்டின விளம்பரத்தை வெட்டேலாது. கட்டுரையைத்தான் வெட்டலாம். எப்பவும் கீழையிருந்துதானே வெட்டிறது.”

“ஒரு மனிசன்ரை கண் போயிட்டுது.”

“பத்திரிகையோ எக்ஸ்ரே படத்தாலை பாக்கச் சொன்னது?”

“அந்தப் பந்தியை நாளைக்குப் போடுங்கோ. வெட்டினது நாங்கள்தான் எண்டும் போடுங்கோ.”

“போட்டால் வழக்கோடை வந்து நிப்பினம். கிரகணம் முடிஞ்சுது மாஸ்டர். இனி ஆர் பாக்கப் போகினம்?”

போடவில்லை. நானும் அதற்குப் பிறகு அங்கே ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. நான் எழுதிய இடத்தில் இப்போது இராசிபலன் வருகிறது.

சில மாதம் கழித்து யோகனைப் பார்க்கப் போனேன். விழித்திரை எரிந்துவிட்டதாம். வலது கண் இனித் திரும்பாது, இடது கண்ணும் பாதிதான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். படகை மைத்துனருக்குக் கொடுத்துவிட்டு, முற்றத்தில் இருந்து மற்றவர்களின் வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். கிழிந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

“வாங்கோ சேர். குரலிலை பிடிச்சிட்டன். இப்ப நீங்களும் எனக்கு மூக்கில்லாத ஆள்தான்.” அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தியை வெட்டிய கதையைச் சொன்னேன். யோகனின் மனைவி குசினி வாசலில் நின்று கேட்டார். தேத்தண்ணீரை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

“பக்கத்து வீட்டுச் சனம் பஞ்சாங்கத்தைப் பாத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துதுகள். அதுகளின்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை. உங்களை நம்பினது இந்தாள் ஓராள்தான்.”

 

அறிவியல் எழுத வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பத்திரிகைக்காரர் கீழே இருந்து வெட்டுவார்கள். வாசிக்கிறவர்களும் பாதியில் விடுவார்கள். ஆளைக் கெடுக்கக்கூடிய விஷயம் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். வானத்தின் அழகைப் பிறகு அளக்கலாம்.

இப்போது வேறொரு பத்திரிகையில் எழுதுகிறேன். அடுத்த கிரகணத்துக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை, ‘சூரியனைப் பார்த்தால் குருடாவாய்’ என்று தொடங்கியது. அங்கே இருக்கிற ஆசிரியர் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்ன மாஸ்டர், இப்பிடித் தொடங்கினால் ஆர் வாசிப்பினம்?”

“மிச்சத்தை வாசிக்காட்டியும் கண்ணாவது மிஞ்சும். போடும்” என்றேன்.